செம்மரம் நட்டா 25 வருஷத்துல ஒரு கோடியா? கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு



வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆச்சு, கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை சரவணம்பட்டியில இருந்து கார்ல கூட்டிட்டுப் போய் ஒரு காட்டைக் காட்டுறாங்க. "பத்து சென்ட் எடுத்துக்குங்க, செம்மரம் வச்சு நாங்களே பராமரிக்கிறோம், 25 வருஷத்துல ஒரு கோடி"ன்னு சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அந்த விலை எந்த மரத்தோட விலை?

செம்மரம் புளி, புங்கன், வேங்கை மாதிரி அவரைக் குடும்பத்து மரம். இயற்கையா வளர்றது ஆந்திராவுல கடப்பா, சித்தூர் பக்கத்து வறண்ட மலைகள்ல. செய்தியில வர்ற டன் விலை பெரும்பாலும் அங்க கடத்தல்காரங்ககிட்ட பறிமுதல் செஞ்ச காட்டு மரத்தை அரசு ஏலம் விடுற விலை. அதுலயும் தரம் பிரிச்சுத்தான் விக்கிறாங்க.

காசு மரத்துக்கு இல்லைங்க, உள்ள இருக்குற வைரத்துக்குத்தான். வெளிப்பக்கம் இருக்குற வெள்ளைக் கட்டைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. மரம் பருக்குறது வேற, வைரம் பாயுறது வேற. அதுக்கு இருபது வருஷத்துக்கு மேலயும் காத்திருக்கணும்.

இப்ப கணக்குக்கு வருவோம்

அவங்க சொன்ன ஒரு கோடி அப்படியே கிடைக்குதுன்னே வச்சுக்குவோம். வருஷத்துக்கு 6% விலைவாசி ஏறினா, 25 வருஷம் கழிச்சு வர்ற ஒரு கோடியோட இன்னைய மதிப்பு சுமார் 23 லட்சம்தான்.

இன்னொரு பக்கம், மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. 25 வருஷத்துக்கு 10% வளர்ச்சின்னு எடுத்தா சுமார் 67 லட்சம். இதுக்கும் உத்தரவாதம் இல்லை, விலைவாசிக் கழிவு இதுக்கும் உண்டு. ஆனா அவசரம்னா நடுவுல பணத்தை எடுக்கலாம். பாதி வளர்ந்த செம்மரத்தை ஆஸ்பத்திரி செலவுக்கு விக்க முடியாது.

சட்டமும் முக்கியம்

சொந்த நிலத்து மரமா இருந்தாலும் வெட்டவும் கொண்டு போகவும் வனத்துறை அனுமதி வேணும். நட்டதுமே வி.ஏ.ஓ. கிட்ட சொல்லி அடங்கல்ல பதிஞ்சு வச்சுக்கங்க. 1995ல இருந்து செம்மரம் 'சைட்ஸ்' சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு. அதனால ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு உண்டு.

பலர்கிட்ட பணம் வாங்கி, பராமரிப்பைத் தங்க கையில வச்சுக்கிட்டு லாபம் தர்றோம்னு சொல்ற கூட்டு முதலீட்டுத் திட்டத்துக்கு 'செபி' பதிவு வேணும். பதிவு எண் கேளுங்க. பேச்சை மாத்தினா எந்திரிச்சு வந்துடுங்க. 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில பணம் போட்டவங்க பட்ட பாடு நம்ம ஊர்ல யாருக்கும் மறந்திருக்காது.

அப்ப செம்மரமே வேண்டாமா?

அப்படி இல்லைங்க. அப்பாரு விட்டுட்டுப் போன மானாவாரிக் காடு சும்மா கிடந்தா தாராளமா வைக்கலாம்.

• தண்ணி தேங்காத செம்மண், சரளை மண் நல்லது. தண்ணி நிக்கிற களிமண் ஆகாது.
• ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்குன தொழு உரம் போட்டு, ஐப்பசி மழையோட நடுங்க.
• 3 மீட்டர் இடைவெளியில ஏக்கருக்குச் சுமார் 450 கன்னு. அத்தனையும் பிழைக்கும்னு கணக்குப் போடாதீங்க.
• முதல் ரெண்டு மூணு வருஷம் கோடையில தண்ணி ஊத்தணும், களை எடுக்கணும். ஆடு கடிக்காம கிளுவை வேலி போடுங்க.
• நிழல் விழுற வரைக்கும் ஊடால கொள்ளு, தட்டைப்பயறு விதைக்கலாம்.

கன்னு வாங்குறதுக்கு முன்னாடி மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலயோ, கோயம்புத்தூர்ல இருக்குற மத்திய அரசின் வன மரபியல் நிறுவனத்துலயோ உங்க மண்ணுக்கு இது சரிப்படுமான்னு கேட்டுக்கங்க.

சுருக்கமா சொன்னா

நிலம் ஏற்கனவே இருந்தா, கன்னுக்கும் வேலிக்கும் மட்டும் செலவு பண்ணுங்க. செம்மரத்துக்காகவே கடன் வாங்கி நிலம் வாங்காதீங்க. முதல்ல ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, மெடிக்கல் இன்சூரன்ஸ், எஸ்.ஐ.பி. இதெல்லாம் சரியா ஓடுதான்னு பாருங்க. அப்புறம் மரம் வைங்க. வித்தா உங்களுக்கு, இல்லைன்னா உங்க புள்ளைங்களுக்கு.

இதே மாதிரி ஆஃபர் வந்த நண்பருக்கு இந்தப் பதிவை அனுப்பி விடுங்க. அடுத்த வீடியோவுல பாக்கலாம்!