சொல்லளவில் எஞ்சிய மொழி

ஈழத் தமிழர் பலர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தொழில் புரியச் சென்ற நாடு மலாயா. அங்கே நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகராகிய சிரம்பானை நம்மவர் நன்கறிவர். அதே மாநிலத்தின் ஜெலுபுக் காடுகளில் கெனாபோய் என்னும் ஆறு உண்டு. அப்பெயரால் வழங்கும் மொழியொன்று அடியோடு மறைந்தமையை அறிந்தார் சிலரே.

மலாய்த் தீபகற்பத்தின் தொல்குடியினர் ஒராங் அஸ்லி எனப்படுவர். அவருட் பல குழுவினர் பேசும் அஸ்லி மொழிகள் மலாய்க்கு இனமானவை அல்ல. பர்மாவின் மொன் மொழிக்கும் கம்போடியாவின் கெமர் மொழிக்கும் உறவான ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கெனாபோய்ச் சொற்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரட்டியவர், மலாக்காவில் ஆங்கில அரசின் உயர்பதவி வகித்த ஹார்வி என்பவர். இரு பட்டியல்களிலும் உள்ளவை ஏறத்தாழ 250 சொற்கள். ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவர் தீபகற்பத்துப் பழங்குடிகளைப் பற்றி 1906இல் வெளியிட்ட பெருநூலில் அவை இடம்பெற்றன. இம்மலரின் ஓரிரு பக்கங்களுள் அடங்கத்தக்க அச்சொற்களே இன்று அம்மொழியின் முழுச் செல்வம்.

அவற்றுட் சில அஸ்லி மொழிகளோடு ஒத்தவை. சில மலாயோடு ஒத்தவை. எஞ்சியவை எம்மொழியோடும் பொருந்தாதவை. ஆதலின் 1998இல் இதனை ஆராய்ந்த ஜோன் ஹாஜெக், இஃது இன்ன இனத்தது என வரையறுக்கப்படாத மொழி என்றார். இது தாய்மொழியே அன்று என்பாரும் உளர். காட்டில் கற்பூரம் தேடுவோர், வழக்கச் சொற்களைப் பேசினால் அது கிட்டாதென அஞ்சித் தமக்குள் மறைமொழி வழங்குதல் அந்நாட்டு மரபு. கெனாபோயும் அத்தகையதே என்பது அவர் கருத்து.

இவ்வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்? மறைமொழி சொற்களை மாற்றுமேயன்றி, வாக்கிய அமைப்பைப் பேசுவோரின் மொழியிலிருந்தே கொள்ளும். தனிமொழிக்கோ தனக்கெனப் பெயரும் வினையும் புணரும் முறையுண்டு. ஆகவே மக்கள் இயல்பாகப் பேசிய ஒரு சில வாக்கியங்கள் எழுதப்பட்டிருப்பின், நூறாண்டு கடந்த இவ்வையம் பெரிதும் நீங்கியிருக்கும். சொற்பட்டியலோ அவ்வமைப்பைக் காட்ட வல்லதன்று.

ஹார்வியின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அஃதின்றேல் இம்மொழியைப் பற்றிய பேச்சுக்கே இடமிராது. எனினும் மொழியைக் காக்க விழையும் மாணவர் இதனை உளங்கொள்வாராக: அருஞ்சொற்களைத் தொகுத்தல் மட்டும் போதாது. முதியோர் சொல்லும் கதையையும் தாய் மகவோடு பேசும் பேச்சையும் உள்ளவாறே பதிந்து வைத்தல் வேண்டும். சொற்கள் மொழியின் செங்கற்கள். அவை மட்டும் எஞ்சின், இருந்தது வீடோ மதிலோ என்பதை யாரே அறிவார்?