களவுக்குப் பின் கற்பு



காதற்கதைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. தலைவனும் தலைவியும் சந்திக்கின்றனர், தடைகள் தோன்றுகின்றன, தடைகள் நீங்குகின்றன, இருவரும் மாலை மாற்றிக்கொள்கின்றனர். 'அதன்பின் இன்பமாக வாழ்ந்தனர்' என்ற ஒரு வரியோடு நூல் முடிகிறது. அந்த ஒரு வரிக்குள் ஐம்பது ஆண்டு வாழ்க்கை அடங்கிக் கிடக்கிறது. உள்ளம் ஒன்றிய இருவர் அதன்பின் எவ்வாறு வாழ்கின்றனர்? அவ்வாழ்வை இலக்கியம் எவ்வாறு எடுத்துரைக்கிறது? இவ்வினாக்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இக்காலத்து இளைஞர் பலர் ஜப்பானியச் சித்திரக் கதைகளை விரும்பிப் படிக்கின்றனர். மங்கா என்பது அவற்றின் பெயர். அவற்றிலும் பழைய முறையே மிகுதி. ருமிகோ தகஹாஷி என்னும் பெண்மணி 1980 முதல் 1987 வரை எழுதி வரைந்த 'மெசோன் இக்கோக்கு' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். விடுதியொன்றைப் பேணும் இளங் கைம்பெண்ணுக்கும் அங்குத் தங்கிய மாணவனுக்கும் இடையே அன்பு மெல்ல மெல்ல வளர்கிறது. பல ஆண்டுகள் நீளும் அக்கதையில் திருமணம் இறுதியிலேதான் வருகிறது.

ஆயினும் வேறு வழி சென்றோரும் உளர். கென்ஜிரோ ஹதா 2018இல் தொடங்கிய 'தோனிகாக்கு கவாயி' என்ற கதை, தொடக்கத்திலேயே திருமணத்தை முடித்துவிட்டு, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதையே பொருளாகக் கொண்டது. கருஹோ ஷீனாவின் 'கிமி நி தொதோகே' முப்பது தொகுதிகள் கொண்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடந்ததும் ஸவாகோ என்ற மாணவியும் கஸெஹயா என்ற மாணவனும் தம் அன்பை வெளியிட்டுவிடுகின்றனர். அதன்பின் வரும் துன்பம் நுட்பமானது. எங்கே புண்படுத்திவிடுவோமோ என்று இருவரும் அஞ்சுகின்றனர். அஞ்சி அஞ்சிப் பேச்சைக் குறைக்கின்றனர். அன்பு மிகுந்ததாலேயே இடைவெளி உண்டாகிறது.

இத்தகைய கதைகள் தமிழில் உண்டா என்று மாணவர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. உண்டு என்பது மட்டுமன்று. தமிழ் அதற்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல் என்பது ஓர் இயல். பிறர் அறியாது இருவர் உள்ளம் கலப்பதைக் கூறுவது அது. அதனை அடுத்தே கற்பியல் என்னும் இயல் வருகிறது. மணம் புரிந்து இல்லறம் நடத்தும் காலத்தைக் கூறுவது இது. களவு தொடக்கம், கற்பு தொடர்ச்சி.

திருக்குறளின் காமத்துப்பாலை எண்ணிப் பாருங்கள். அதில் 25 அதிகாரங்கள். பரிமேலழகர் வகுத்த முறைப்படி, களவியலுக்கு 7 அதிகாரங்கள். கற்பியலுக்கு 18 அதிகாரங்கள். குறட்பாக்களாகக் கூறின், முன்னதற்கு 70, பின்னதற்கு 180. காதல் பிறப்பதைப் பாடியதைப்போல் இரண்டரை மடங்கு, பிறந்த காதல் நிலைபெறுவதைப் பாடியிருக்கிறார் வள்ளுவர்.

அவ்வாழ்வு எத்தகையது என்பதற்குக் குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. அது 167ஆம் பாட்டு. புதுமணம் புரிந்து தனிக்குடித்தனம் தொடங்கிய மகளைச் செவிலித்தாய் சென்று கண்டுவந்து, பெற்ற தாயிடம் கூறுகிறாள். அடுப்பங்கரைப் பழக்கமில்லாத இளம்பெண் அவள். தயிரைக் கையால் பிசைந்து குழம்பு கூட்டுகிறாள். ஆடை நெகிழ்கிறது, கை கழுவவும் நேரமில்லை, அந்தக் கையாலேயே ஆடையைச் சரிசெய்து கொள்கிறாள். தாளிக்கும் புகை மையிட்ட கண்ணில் நிறைகிறது. கணவன் உண்கிறான், இனிது என்கிறான். அவள் முகம் உற்று நோக்குவார்க்கு மட்டும் புலப்படுமாறு மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. மலையும் கடலும் கடந்து நிகழும் வீரச் செயல் ஒன்றும் இங்கில்லை. ஆயினும், அந்த ஒரு சொல்லும் அந்தச் சிறு மலர்ச்சியும் ஓர் இல்லத்தின் அடித்தளம் என்பதைப் புலவர் உணர்த்திவிட்டார்.

இதனைப் பாடியவர் பெயர் கூடலூர் கிழார். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் கூடலூர் என்றோர் ஊர் உண்டு. புலவரின் ஊர் இதுவே என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும், அப்பெயரைக் கேட்கும்போது அவ்வூரின்மேல் உயர்ந்து நிற்கும் மலை என் நினைவுக்கு வருகிறது. அம்மலையோடு தொடர்புடைய கதையும் மணத்துக்குப் பிந்திய வாழ்வைப் பற்றியதே. அதனைக் கூறுமுன் ஒரு கருத்தைத் தெளிவாக்க வேண்டும்.

மணத்துக்கு முன் காதலர்க்குத் தடை வெளியில் இருக்கிறது. காவல் மிகுந்த வீடு, ஊரார் பேசும் அலர், இரவின் இருள், காட்டு வழி ஆகியவையே அத்தடைகள். மணத்துக்குப் பின் இவை யாவும் நீங்கிவிடுகின்றன. எஞ்சி நிற்பது உள்ளத்தின் தடை ஒன்றே. அதனை நீக்கும் கருவியாகத் தமிழ்ப் புலவர் கண்டது ஊடல். அன்புடையார்மீது கொள்ளும் சிறு பிணக்கு அது. வள்ளுவர் ஊடலை உப்புக்கு ஒப்பிடுகிறார். உப்பில்லாத உணவு சுவைப்பதில்லை. உப்பு மிகுந்தாலும் உண்ண இயலாது. அளவே அதன் உயிர். தலைவன் தும்முகிறான்; தலைவி வாழ்த்துகிறாள்; உடனே, 'எவள் நினைத்ததால் தும்மினீர்?' என்று அழத் தொடங்குகிறாள். படிக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் 'உம் உள்ளத்தில் எனக்கு உரிய இடம் இருக்கிறதா?' என்று கேட்க அவளுக்குக் கிடைத்த வாயில் அத்தும்மல். ஊடலின் பயன் கேட்பதும் விடை பெறுவதும் ஆகும்.

இனி, மலைக்கு வருவோம். கூடலூருக்கு அருகே, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கும் மலைமீது, கடல்மட்டத்திற்கு மேல் 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் இதுவே என்பார் ஒரு சாரார். கொடுங்கல்லூரே அது என்பார் மற்றொரு சாரார். அவ்வாராய்ச்சி ஒருபுறம் நிற்க. கோட்டத்துக்குரிய கண்ணகியின் கதையை நோக்குவோம்.

பிற கதைகள் முடியும் இடத்தில் சிலப்பதிகாரம் தொடங்குகிறது. முதற்காதையே திருமணம். கோவலனுக்குப் பதினாறு வயது, கண்ணகிக்குப் பன்னிரண்டு. அடுத்த காதையில் கோவலன் மனைவியின் அழகை அடுக்கடுக்காகப் புகழ்கிறான். அங்கே கண்ணகி ஒரு சொல்லும் கூறவில்லை. பின்னர் அவன் மாதவியிடம் செல்கிறான், செல்வம் கரைகிறது. அப்போதும் கண்ணகி ஊடவில்லை, கேட்கவில்லை, துயரத்தைத் தனக்குள் வைத்து வாழ்கிறாள். பொருள் இழந்த நாணத்தோடு கணவன் திரும்பி வந்தபோது, புன்முறுவல் செய்து, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்க என்கிறாள். அவன் மனமாற்றம் அடைந்திருப்பதை அவள் அறியவில்லை. மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வாடுகிறான் என்று எண்ணியே சிலம்பைத் தருகிறாள் என்பர் உரைகாரர். அது உப்பே இல்லாத வாழ்க்கை.

மாதவியின் இல்லத்திலோ உப்பு மிகுந்துவிட்டது. கடற்கரையில் யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். வேறொருத்தியை நினைத்துப் பாடினான் என்று மாதவி கருதுகிறாள். அவளும் வேறொருவனை நினைத்தவள்போல் பாடுகிறாள். பாட்டின் பொருள் என்னவென்று ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும். கேட்கவில்லை, பிரிந்தனர்.

கோவலனும் கண்ணகியும் உள்ளம் திறந்து பேசியது எப்போது? மதுரையில், ஆயர்குல முதுமகள் மாதரியின் வீட்டில். கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். காய் அரிந்த விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. வாழைக் குருத்தில் கணவனுக்கு உணவு படைக்கிறாள். குறுந்தொகைத் தலைவியின் அடுக்களையை இங்கே நினைவுகூருங்கள்; அங்கே புதுவாழ்வின் உணவு, இங்கே இறுதி உணவு. உண்டபின் கோவலன் தன் பிழைகளைத் தானே எண்ணிக் கூறி வருந்துகிறான். தீயோர் கூட்டத்தில் திரிந்ததையும் பெற்றோர்க்குத் துயர் விளைத்ததையும் சொல்கிறான். அழைத்தவுடன் எழுந்து வந்தாயே என்று உருகுகிறான். அப்போது கண்ணகி முதன்முறையாகக் குறையைக் குறை என்றே கூறுகிறாள். நீர் இல்லாத வீட்டில் விருந்தோம்பும் உரிமையை இழந்தேன். உம் பெற்றோர் வந்தபோது பொய்ச்சிரிப்பால் துயரை மறைத்தேன். நீர் செய்தது பெரியோர் போற்றாத ஒழுக்கம் என்கிறாள். அத்தனை ஆண்டு வாழ்வில் வராத உரையாடல் அன்று வந்தது. சற்று நேரத்தில் ஒற்றைச் சிலம்போடு கோவலன் கடைவீதிக்குச் செல்கிறான், திரும்பி வரவில்லை.

கணவனை இழந்து, நீதி கேட்டு, மதுரையை எரியூட்டிய கண்ணகி, வையையின் கரைவழியே மேற்கு நோக்கி நடந்தாள் என்கிறது காப்பியம். பதினான்காம் நாள் மலைமீது வேங்கை மரத்தின்கீழ் நின்றாள். வானவரோடு கோவலன் வந்தான். அவனோடு விண்ணகம் புகுந்தாள். இதனைக் கண்டவர் மலைவாழ் குறவர். வையையின் துணையாறுகள் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஓடிவருவதை அறிந்தோர்க்கு, இந்த வழி கற்பனைக்கு எட்டாத வழியன்று. ஆண்டுதோறும் சித்திரை முழுமதி நாளில் மட்டும் கோட்டம் மக்களுக்குத் திறக்கப்படுகிறது. பளியங்குடி வழியாக நடந்தும் குமுளி வழியாக ஜீப்பிலும் மக்கள் மலையேறுகின்றனர். மதுரையில் சினந்தெழுந்தவளை இம்மலை, கணவனோடு சேர்ந்தவளாகவே போற்றுகிறது. மங்கலதேவி என்னும் பெயரும் அதற்கு ஏற்றதே.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். பழைய கற்பியலில் பரத்தையரை நாடிச் சென்ற தலைவனைப் பொறுத்துக்கொள்வது தலைவியின் பெருமையாகப் பேசப்படுகிறது. அந்தப் பொறுமையை இன்றைய பெண்ணிடம் வேண்டுவது அறமாகாது. கண்ணகியின் மௌனம் அவளைக் காக்கவில்லை, கோவலனையும் காக்கவில்லை. அவள் பேசிய சொற்களே அவள் வாழ்வில் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றை முன்னரே பேசியிருந்தால் என்று எண்ணாமல் அக்காதையைப் படிக்க இயலாது.

நீங்கள் இளைஞர்கள். நாளை உங்களுள் பலர் இல்லறத்தில் புகுவீர்கள். சிலர் காதலித்து மணப்பீர்கள். சிலர் பெற்றோர் பார்த்து முடிக்க மணப்பீர்கள். வழி எதுவாயினும் மணத்துக்குப் பின் நிகழ்வது ஒன்றே. இருவர் நாள்தோறும் ஒருவரையொருவர் புதிதாக அறிய வேண்டும். உணவு இனிதானால் இனிது என்று சொல்லுங்கள். ஐயம் தோன்றினால் கேளுங்கள். குறை கண்டால் அன்போடும் அளவோடும் எடுத்துரையுங்கள். எடுத்துரைத்தால் பொறுத்துக் கேளுங்கள். வள்ளுவர் தம் நூலைத் திருமணத்தோடு முடிக்கவில்லை. ஊடித் தெளிந்து கூடும் இன்பத்தோடு முடித்தார்.