படகு இருக்கைக்குள்ளேயே பெட்ரோல் டேங்க்: எப்படி செய்றாங்க? எங்கே ஆபத்து?

சின்ன படகில் இடம்தான் பெரிய பிரச்சினை. அவுட்போர்டு மோட்டார் பொருத்திய 16 அடி, 18 அடி படகை எட்டிப் பார்த்தால் காலுக்கடியில் இரண்டு மூன்று கேன்கள் நகர்ந்துகொண்டிருக்கும். ஒன்று தீர்ந்ததும், அலையில் ஆடும் படகில் நின்றபடியே அடுத்ததை மாற்ற வேண்டும். சிந்தாமல் அந்த வேலை முடிவது அபூர்வம்.

உட்காரும் பலகைக்குக் கீழே உள்ள இடமோ சும்மா கிடக்கிறது. ‘அங்கேயே ஒரு டேங்க் வச்சுட்டா என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் சிறு படகு வைத்திருக்கும் பலர் இப்படி அளவெடுத்து டேங்க் செய்துகொள்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் தப்பாகச் செய்தால், ஆள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் ஆவி சேரும்.

டேங்க்கே இருக்கை ஆகலாமா?

கூடாது. முதல் தப்பு பெரும்பாலும் இங்கதான் நடக்குது. தகட்டுப் பெட்டி ஒன்றை வெல்டிங் செய்து, மேலே குஷன் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அலையில் படகு எகிறி விழும்போது உட்கார்ந்திருப்பவரின் எடை பல மடங்காக டேங்க் மேல் இறங்கும். நாளடைவில் வெல்டிங் மூட்டில் விரிசல் விடும்.

அமெரிக்க மத்திய அரசின் படகு பாதுகாப்பு விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. டேங்க் படகின் கட்டமைப்போடு ஒன்றாக இருக்கக் கூடாது, எதையும் தாங்கவும் கூடாது, கட்டிய இடத்தில் கால் அங்குலத்துக்கு மேல் அசையவும் கூடாது. அந்த விதி உள்ளே இன்ஜின் வைத்த பெட்ரோல் படகுகளுக்காக எழுதப்பட்டது, அவுட்போர்டு படகுகளை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் காரணம் ரெண்டுக்கும் ஒன்றுதான். எனவே இருக்கை தனிப் பெட்டி, டேங்க் அதற்குள்ளே தனியாக. ஆளின் எடை பெட்டியின் சுவர் வழியாகப் படகின் தளத்துக்குப் போக வேண்டும்.

எவ்வளவு கொள்ளும்? எவ்வளவு தேவை?

100 செ.மீ நீளம், 30 செ.மீ அகலம், 25 செ.மீ உயரம் என்றால் 75 லிட்டர். பெட்ரோல் மட்டும் சுமார் 55 கிலோ, அதாவது கூடுதலாக ஒரு ஆள் ஏறிய மாதிரி. மோட்டாரும் ஓட்டுபவரும் ஏற்கெனவே பின்னால் இருப்பதால், டேங்க்கை நடு இருக்கையில் வைப்பதே நல்லது.

ஆனால் 75 லிட்டர் எல்லோருக்கும் வேண்டுமா? 10 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று கணக்குப் போட்டாலும் பலருக்கு 25 லிட்டர் கேன் ஒன்றே போதும். அதை இருக்கைக்கடியில் பெல்ட் போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. 40 குதிரைத்திறன் மோட்டாருக்குத்தான் தனி டேங்க் செய்யும் செலவு நியாயமாகும்.

மிதவையை எடுத்துட்டா?

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. நிறைய சிறு படகுகளில் இருக்கைக்கடியில் தெர்மாகோல் அல்லது பஃப் அடைத்திருப்பார்கள். அது இடத்தை நிரப்ப வைத்தது இல்லை. படகுக்குள் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான். 75 லிட்டர் தெர்மாகோல் 70 கிலோவுக்கு மேல் தாங்கும். அதே இடத்தில் பெட்ரோல் நிரம்பிய அலுமினிய டேங்க் வந்தால், தாங்குவது 10 கிலோ அளவுக்குத்தான். எடுத்த மிதவையை வேறு இடத்தில் பொருத்தாமல் டேங்க் வைப்பது, உயிர் காக்கும் பொருளைக் கழற்றிப் போடுவதற்குச் சமம்.

எதில் செய்வது?

உப்புத் தண்ணீருக்கு 5052, 5083 ரக அலுமினியம் ஏற்றது. தகடு குறைந்தது 2.3 மி.மீ கனம் வேண்டும், 3 மி.மீ இருந்தால் நிம்மதி. உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வேண்டும். இல்லாவிட்டால் பாதி காலியான டேங்க்கில் பெட்ரோல் இங்கும் அங்கும் அடித்து, படகையும் சாய்க்கும்.

பைபர் படகு கட்டும் இடத்தில், ‘அதே பைபர்லயே டேங்க்கையும் ஊத்திடலாம்’ என்று தோன்றும். இங்கே கவனம் தேவை. 2000-களின் நடுவில் அமெரிக்காவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு பரவியபோது, பழைய பைபர் டேங்க்குகளின் ரெசின் கரைந்து இன்ஜினுக்குள் போய் அடைத்தது. இந்தியாவில் இப்போது விற்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பாலியஸ்டர் ரெசினை நம்பி அதில் ஊற்றுவது சரியல்ல. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும் என்பதால், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் லைன் போடக் கூடாது.

ஈர மரமும் ஸ்பான்ஜும் ஒட்டியே இருந்தால் அலுமினியமும் அரிக்கும். தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் பட்டைகள் மேல் டேங்க்கை உட்கார வைத்து, சுற்றிலும் காற்று போக இடம் விட வேண்டும். பித்தளை ஃபிட்டிங்கை நேரடியாக முறுக்குவதும் வேண்டாம். உப்பு பட்டால் அந்த இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும்.

ஓட்டை எல்லாம் மேலேதான்

பெட்ரோல் ஊற்றும் குழாய், மோட்டாருக்குப் போகும் குழாய், காற்றுக்குழாய், அளவு காட்டும் மீட்டர் என எந்தத் துளையும் டேங்க்கின் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். கீழே குழாய் வைத்தால், அது உடையும் நாளில் மொத்த பெட்ரோலும் படகுக்குள்தான். காற்றுக்குழாய் இல்லையென்றால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி மோட்டார் நடுக்கடலில் நின்றுவிடும். அதன் வாய் படகுக்கு வெளியே, அலைத் தண்ணீர் நுழையாத உயரத்தில் இருக்க வேண்டும். வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதால் 75 லிட்டர் டேங்க்கில் 70 லிட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். மண்ணெண்ணெய் இவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரையும் ஸ்டார்ட் செய்ய பெட்ரோல்தான் என்பதால் அலட்சியம் வேண்டாம். இருக்கைப் பெட்டியின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகள் விட வேண்டும். பேட்டரி, சுவிட்ச் எதுவும் அதே பெட்டிக்குள் வேண்டாம். ஊற்றும் வாயையும் டேங்க்கையும் எர்த் ஒயரால் இணைத்துவிட வேண்டும்.

சோதனை எப்படி?

எல்லாத் துளைகளையும் அடைத்து, 3 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். 3 பிஎஸ்ஐ குறைவாகத் தெரியலாம். ஆனால் இந்த டேங்க்கின் மேல்தகட்டில் மட்டும் அது 600 கிலோவுக்கு மேற்பட்ட விசை. கம்ப்ரஸரை நேரடியாக மாட்டினால் டேங்க் பிளந்துவிடும், கை பம்ப் போதும்.

ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய டேங்க் கசிந்தால், அதை வெறுமனே காலி செய்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. காலி டேங்க்கில் மிச்சமிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

டேங்க் பொருத்திய பிறகு, கரையிலேயே கால்பங்கு நிரப்பி, பெட்டியை மூடி ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் மூடியைத் திறந்ததும் லேசாகவாவது பெட்ரோல் வாசனை வந்தால், அன்றைக்கு மோட்டாரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.