வழிவிட்ட இரண்டு பாலங்கள்

அம்பிட்டியவிலிருந்து நாம் எங்கே போனாலும் கடக்கும் பாலங்கள் அசையாதவை. கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலியில் கப்பல் வருவதில்லை. ஆகவே பாலம் திறந்து வழிவிட வேண்டிய தேவையும் இல்லை.

படகும் வண்டியும் ஒரே இடத்தில் குறுக்கிடும் ஊர்களில் நிலைமை வேறு. அங்கே பாலத்தை மிக உயரமாகக் கட்ட வேண்டும். அதற்குச் செலவு அதிகம். இல்லாவிட்டால் அதன் ஒரு பகுதியைத் திறந்து மூடக்கூடியதாக அமைக்க வேண்டும். கண்டிக்கு வந்த இரண்டு பெருவழிகளில் அப்படிப்பட்ட பாலங்கள் இருந்தன.

முதலாவது களனி கங்கையின் மேல் இருந்தது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி அமைக்கப்பட்டது. கொழும்பின் எல்லையில் களனி கங்கை குறுக்கிட்டது. அங்கே 1822இல் தோணிகளை வரிசையாக நங்கூரமிட்டு, அவற்றின் மேல் பலகை பரப்பி ஒரு மிதவைப் பாலம் கட்டினார்கள். ஆற்றில் நீர் கூடினால் பாலமும் உயர்ந்தது, குறைந்தால் தாழ்ந்தது. குறித்த வேளையில் சில தோணிகளை விலக்கி, ஆற்றில் வந்த சரக்குப் படகுகளுக்கு வழிவிட்டார்கள். அவ்வேளையில் மலைநாட்டுக் கோப்பியை ஏற்றிவந்த மாட்டு வண்டிகள் கரையில் காத்து நின்றன. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1895இல் அசையாத விக்டோரியா பாலம் திறக்கப்பட்டதும் தோணிப் பாலத்தின் வேலை முடிந்தது. எனினும் அவ்விடத்தை இன்றும் தொட்டலங்க என்கிறோம். சிங்களத்தில் அதற்குத் ‘துறைக்கு அருகே’ என்று பொருள்.

இரண்டாவது, இந்தியாவிலிருந்து வரும் வழியில் உள்ள பாம்பன் பாலம். இராமேஸ்வரம் தீவை இந்தியப் பெருநிலத்தோடு இணைக்கும் இப்புகையிரதப் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கடலின் மேல் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீளமானது. கப்பல்கள் செல்வதற்காக அதில் இரண்டு இரும்புச் சிறகுகள் இருந்தன. அமெரிக்கப் பொறியியலாளர் ஷெர்சரின் முறைப்படி அமைந்த அவை, ஆடும் நாற்காலியின் வளைந்த கால்போலப் பின்னோக்கி உருண்டு எழும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதன் இரகசியம் எளிதில் விளங்கும். துலாவின் ஒரு முனையில் பாரம் இருப்பதால் மறுமுனை இலகுவாக எழுகிறது. இங்கும் எதிர்ப்பாரம் இருந்ததால், அத்தனை பெரிய இரும்பை மனிதர் கைகளாலேயே இயக்க முடிந்தது.

பாம்பன் பாலம் நமக்கு அந்நியமானதல்ல. அதற்கு முந்திய தலைமுறைத் தொழிலாளர் பலர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர் ஏராளம். பாலம் வந்த பின், மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை முடித்தவர்கள் அதன் மேல் புகையிரதத்தில் தனுஷ்கோடிக்குச் சென்றார்கள். அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கும், மீண்டும் புகையிரதத்தில் மலையகத்துக்கும் வந்தார்கள். வியாபாரத்துக்காக வந்த முஸ்லிம்கள் பலருக்கும் இதுவே வழி.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலத்தின் பெரும்பகுதியும் சிதைந்தது. ஆனால் தூக்கும் பகுதி தப்பி நின்றது. 46 நாட்களில் பாலம் சீர்செய்யப்பட்டது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த தலைமன்னார்க் கப்பலோ 1980களில் போர் காரணமாக நின்றுபோனது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீற்றர் நீளமான நடுப்பகுதி மின்சாரத்தால் நேராக மேலே எழுகிறது. பாலம் புதிதாகிவிட்டது, அதைத் தாண்டி இங்கே வரும் வழிதான் இன்னும் திறக்கவில்லை.

வழிவிடும் பாலத்தில் எவருக்கும் முழு உரிமை இல்லை. வண்டி நிற்கும் நேரத்தில் படகு போகும். படகு நிற்கும் நேரத்தில் வண்டி போகும். இந்த ஒழுங்கினால்தான் கண்டியின் கோப்பி துறைமுகத்தை அடைந்தது. நம் முன்னோர் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: “நம் குடும்பம் எந்த வழியாக வந்தது?” தலைமன்னார்க் கப்பலில் வந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போதே எழுதி வைத்துக்கொள்வோம்.