உரைகல்லில் இழைக்கும் வசம்பு

கோவை பெரிய கடை வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் போய், பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்றால் போதும். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கோடு வசம்பும் சேர்த்து உரைமருந்தாகக் கட்டித் தருவார்கள். வசம்பைக் கோத்த கைவளையும் உண்டு. கொங்கு வீடுகளில் அம்மிச்சிகள் வசம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுடரில் கரியாகச் சுட்டு, தாய்ப்பால் விட்டு இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். மாந்தம் அண்டாது, வயிறு உப்பாது என்று நம்பி, பாசத்தோடு செய்வது. ஆனாலும் இதை நிறுத்தத்தான் வேண்டும்.

வசம்பு சதுப்பு நிலத்துச் செடி. வாள்போன்ற நீண்ட இலை, சேற்றுக்குள் படர்ந்தோடும் மணமுள்ள கிழங்கு. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் நெல்லுக்குப்போல நீர் கட்டிப் பயிரிடுகிறார்கள். கிழங்கின் மணம் அதன் எண்ணெயிலிருந்து வருகிறது. அந்த எண்ணெயிலுள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருளில்தான் சிக்கல்.

1967இல் வெளியான ஆய்வொன்றில், ஜம்மு வகை வசம்பெண்ணெயை உணவில் கலந்து எலிகளுக்கு நெடுநாள் கொடுத்தார்கள். அவற்றின் சிறுகுடலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. மறு ஆண்டே, 1968இல், உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா தடை செய்தது. எலிக்குக் கொடுத்தது எண்ணெய், அதுவும் பெரிய அளவில். நாம் தருவது சுட்ட கிழங்கின் ஓர் இழைப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் ஆபத்து வசம்பின் வகையையும் பொறுத்தது. வட அமெரிக்க இருமடிய (இரு தொகுதிக் குரோமோசோம் கொண்ட) வசம்பில் பீட்டா-அசரோன் இல்லை. ஆசிய நான்மடிய (நான்கு தொகுதி கொண்ட) வகையிலோ எண்ணெயின் பெரும்பங்கே இதுதான். கடையில் வாங்கும் துண்டு எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. சுடும்போது எண்ணெய் ஓரளவு ஆவியாகும். மேல் கருகி உள்ளே வேகாத துண்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் வீட்டில் தெரியாது.

பச்சிளங்குழந்தையின் கல்லீரல் முதிராதது. மருந்தையும் நஞ்சையும் பெரியவர்களின் உடல்போல அது கழித்துவிடாது. கழுவாத உரைகல், விரல், கிழங்கிலுள்ள மண் எல்லாம் கிருமியைக் கொண்டுவரும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளையலும் வேண்டாம், கை சூப்பும் குழந்தை அதையும் சேர்த்துத்தான் சூப்பும். ஆறாத தொப்புளில் வசம்புக் கரி பூசுவது இன்னும் ஆபத்து. குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வயிறு கல்லாக உப்பினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

சித்த மருத்துவத்தில் பெரியவர்களுக்கு வசம்பு உண்டு. அங்கே அது சுத்தி செய்த சரக்கு. அளவையும் நாளையும் பட்டம் பெற்ற மருத்துவர் தீர்மானிக்கிறார். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பச்சைக் கிழங்கை மென்று தின்றால் நிற்காத வாந்தி வரலாம்.

வீட்டில் மிஞ்சிய வசம்புக்கு வேறு வேலை இருக்கிறது. பீட்டா-அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். அதனால் விதைக்கு எடுத்துவைத்த உளுந்திலும் பாசிப்பயற்றிலும் வசம்புத்தூளைக் கலந்தால் வண்டு அடங்கும். சமையலுக்கு வைத்த பயற்றில் மட்டும் அதைக் கலக்காதீர்கள்.