தீராப் பிணியும் தன்முயற்சியும்

பிணிகள் இருவகைப்படும். சின்னாள் வருத்திப் பின் நீங்குவன ஒருவகை. வந்தபின் வாழ்நாள் முழுதும் உடனுறைவன மற்றொருவகை. கீல்வாதம், நீரிழிவு, இருதய நோய் முதலியன பின்வகையைச் சார்ந்தன. ஓராண்டிற்கு 8,760 மணி நேரம் உண்டு. அவற்றுள் இத்தகைய நோயாளர் வைத்தியர் முன் இருப்பது சில மணி நேரமே. எஞ்சிய காலத்தில் உண்பதும் உலவுவதும் மருந்தை மறவாதிருப்பதும் அவர் பொறுப்பேயாம். அங்ஙனமாயின், அப்பொறுப்பை நடத்தும் முறையை அவருக்குக் கற்பிப்பார் யாவர்?

இவ்வினாவிற்கு விடை காண முயன்றோருள் அமெரிக்க தேசத்து ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த கேட் லோரிக் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் குறிப்பிடத்தக்கவர். இவர்கள் முதற்கண் கீல்வாதமுடையோர்க்கும், பின்னர்ப் பல்வகைப் பிணியாளர்க்கும் வகுப்புகள் அமைத்தனர். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரமாக ஆறு வாரம், ஊர்ப் பொதுவிடங்களில் அவை நடைபெறும். நடத்துவோர் இருவர். அவருள் ஒருவரேனும் தாமும் தீராப் பிணியுடையவராய், தக்க பயிற்சி பெற்றவராய் இருப்பர். நோவுற்றார் சொல்லை நோவுற்றார் எளிதில் ஏற்பரன்றோ? வைத்தியர் சிகிச்சைக்கு இவ்வகுப்பு துணையேயன்றி மாறன்று.

தேகாப்பியாசம், உணவு, களைப்பு, நோவு, வைத்தியரோடு தெளிவுறப் பேசும் முறை ஆகியன ஆங்கே கற்பிக்கப்படும். எனினும், வகுப்பின் உயிர்நிலை வேறொன்றாம். அது வாரந்தோறும் ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ளும் சிறு தீர்மானம். “இவ்வாரம் நான்கு நாள், காலையுணவிற்குப் பின் கால்மணி நேரம் நடப்பேன்” என எச்செயல், எவ்வளவு, எப்பொழுது, எத்தனை நாள் என்பவற்றை வரையறுத்துக் கூறல் வேண்டும். பின்னர், அதனை முடிப்போம் என்னும் நம்பிக்கைக்குப் பத்திற்கு எத்தனை எண் தருவார் என வினவப்படும். ஏழிற்குக் குறையின், செயலைச் சிறிதாக்கிக் கொள்வர். ஏனெனில், சிறு வெற்றி அடுத்த முயற்சிக்குத் துணிவூட்டும். பெருந் தோல்வி உள்ளதையும் கெடுக்கும். ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளநூற் புலவர் 1977-இல் விளக்கிய தன்னாற்றல் நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

இனிப் பயன் யாதெனின், 952 பிணியாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1999-இல் வெளிவந்தது. வகுப்பிற் சேர்ந்தோர் ஆறு மாதத்திற்குப்பின் மற்றையோரினும் மிகுதியாகத் தேகாப்பியாசம் செய்தனர், களைப்புக் குறைந்தது, ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களும் குறைந்தன. ஆயினும், நோவிலும் மூச்சுத்திணறலிலும் வேற்றுமை காணப்பட்டிலது. இங்கிலாந்திலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. ஆங்கு 629 பேரைக் கொண்டு செய்து 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நம்பிக்கையும் ஊக்கமும் வளர்ந்தன. வைத்திய உதவியை நாடுதல் மட்டும் குறைந்திலது. ஆதலின் இது பிணி தீர்க்கும் மருந்துமன்று, அரசாங்கச் செலவைத் தவறாது சுருக்கும் உபாயமுமன்று. பிணியோடு வாழக் கற்பிக்கும் கல்வியேயாம்.

நண்பர்காள்! நம் இல்லங்களிலும் இத்தகைய முதியோர் உளர். “இதை உண்ணாதீர், அதைச் செய்யாதீர்” என்று நாம் அவர்க்கு ஓயாது ஆணையிடுகின்றோம். இனி, “இவ்வாரம் தாங்கள் செய்ய விரும்புவது யாது?” என்று ஒருமுறை வினவிப் பொறுமையோடு விடையைக் கேட்போமாக.