தொண்டில் தோன்றும் ஆசிரியர்

கற்பிக்கும் திறம் நமக்கு உண்டா என்பதை எங்கே அறிந்துகொள்வது? பயிற்சிக் கல்லூரியில் என்று பலர் விடை கூறுவர். காலத்தையும் பெற்றோர் பொருளையும் செலவிட்ட பின்னர், இப்பணி நமக்கு ஏற்றதன்று எனத் தெளிவதில் பயன் யாது? அதற்கு முன்பே நம்மைச் சோதித்துக்கொள்ள ஓர் இடம் உண்டு. அது இயற்கைக் கல்வித் தொண்டு.

தலைநகராகிய டில்லியையே எடுத்துக்கொள்வோம். ஆரவல்லி மலைத்தொடர் அந்நகருக்குள் 'ரிட்ஜ்' என்னும் பாறைக் காடாக வந்து முடிகிறது. அதைக் காக்க 1979-இல் பள்ளி, கல்லூரி மாணவர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். 'கல்பவிருக்ஷ்' என்னும் சங்கம் அவ்வாறு தோன்றியதே. 1994-இல் காட்டின் பெரும்பகுதியைக் காப்புக் காடாக்கும் அறிவிக்கை வெளியாயிற்று.

இத்தகைய காட்டிற்குச் சிறுவரை அழைத்துச் செல்லும் தொண்டரிடம் வருகைப் பதிவேடு இல்லை, பரீட்சையும் இல்லை. அவர் சொல்வது சுவைக்கவில்லையெனில் சிறுவர் ஓணானைத் துரத்தப் போய்விடுவர். (ஓணானும் பாடந்தான் என்பது வேறு.)

ரிட்ஜில் அடர்ந்து நிற்பது சீமைக் கருவேலம். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்படும் அதே மரம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 'பிற செடிகளை இது எளிதில் வளரவிடாது' என்று தொண்டர் சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் பாடம் முடிந்துபோகும். அவ்வாறன்றி, அம்மரத்தடியில் ஒரு கயிற்றைச் சதுரமாக விரித்து, அதனுள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என எண்ணச் சொல்லலாம். பிறகு புரசின் அடியிலோ வெள்வேலத்தின் அடியிலோ அதே கயிற்றை விரிக்கலாம். எண்ணிக்கை பெரும்பாலும் ஒத்துவராது. ஏன் என்று குழந்தைகளே கேட்பர். நிழலா, சருகா, மண்ணா, ஆடு மேய்ந்ததா என அவர்களுக்குள் வழக்கு மூளும். அவ்வேளையில் விடையை அறிந்தும் வாய் திறவாதிருத்தல் எளிதன்று. அந்தப் பொறுமை இனிக்கிறதா, கசக்கிறதா? ஒருவர் தம்மை ஆசிரியராக அடையாளம் காண்பது இவ்விடத்திலேதான் என்பது எம் துணிபு.

கசந்தவருக்கு நட்டமில்லை, நாற்று நடவும் பறவைகளைக் கணக்கெடுக்கவும் கைகள் வேண்டியிருக்கின்றன.

இனித்தவருக்கோ பள்ளி காத்திருக்கிறது. சுற்றுப்புறக் கல்வி கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்னும் கொள்கையை 1991-இல் உச்ச நீதிமன்றம் எம். ஸி. மேத்தா வழக்கில் ஏற்று ஆணையிட்டது. பாடம் வந்தது, ஆயினும் ஒரு செடியையும் தொடாமலே அதில் முழு மதிப்பெண் பெற முடிகிறது. வகுப்பில் மணி அடிக்கும், பாடத்திட்டம் துரத்தும், நாற்பது பிள்ளைகளைக் காட்டிற்கு அழைத்துச் செல்ல இசைவு கிடைப்பது அரிது. அந்நாட்களில் மைதானத்து வேலியோரம் கயிற்றை விரிக்கலாம். அங்கும் ஐந்தாறு வகைப் புல்லாவது அகப்படும்.